தெளிந்த தண்ணீரும் தெளியாத புத்தியும்

தண்ணீர் தெளிவாயிருந்தால் அது சுத்தமானதென்பது நம் மக்களிடையில் வெகு காலமாக இருந்துவரும் ஒரு நம்பிக்கையாகும். அதிலும் அந்தத் தண்ணீர் குளிர்ச்சியாயும், ருசியாயும், ஒரு புண்ணிய நதியின் பேரைச் சொல்லக்கூடிய பூமியிலிருந்து வருவதாயும் இருந்துவிட்டால், அதைப்பற்றிச் சந்தேகப்படுகிறவனைப் பைத்தியக்காரனென்றோ, பாவியென்றோ சொல்லிவிடுவதும் வழக்கமாயிருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு மனித சமூகம் என்ன விலை கொடுக்க நேர்ந்திருக்கிறது என்பதையும், அந்த விலையை இனிமேல் கொடுக்காதிருக்க அறிவு என்ன வழி கண்டிருக்கிறது என்பதையும் பற்றி இவ்வாரம் சிறிது விளக்கமாக எழுத விரும்புகிறோம்.

கங்கையும் பிரமபுத்திராவும் இமயமலையிலிருந்து வண்டலைக் கொண்டுவந்து பல ஆயிரம் வருஷங்களாகக் கொட்டிக்கொட்டி உண்டானதே வங்காளச் சமவெளி என்பது யாவரும் அறிந்ததாகும். அங்கு குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் குடித்து வந்த ஏழை மக்களின் குழந்தைகள் வாந்திபேதி முதலிய நோய்களால் கூட்டங்கூட்டமாய் மாண்டு வந்தபடியால், 1970-க்குப் பின் பங்களா தேசத்துச் சர்க்காரும், யூனிசெப் முதலிய ஸ்தாபனங்களும் சேர்ந்து, ஊர்தோறும் குழாய்க் கிணறு இறக்கும்படி செய்தார்கள். நோக்கம் நல்ல நோக்கமே. கிருமியில்லாத தண்ணீர் கிடைத்ததும் உண்மையே. ஆனால் அந்தத் தண்ணீரில் வேறு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்?

பதில் மனிதர்களின் தோலின்மேல் எழுதப்பட்டு வந்தது. மேற்கு வங்காளத்துக் கிராமவாசிகள் சிலர் உடம்பில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கறுப்புப் புள்ளிகளோடும், உள்ளங்கை உள்ளங்கால்களில் முள்ளுமுள்ளாய்த் தடித்துப்போன தோலோடும் வைத்தியத்திற்கு வந்தார்கள். 1983-ம் வருஷத்தில் கல்கத்தாவில் தோல் வைத்தியராயிருந்த கே. சி. ஸாஹா அவர்கள் இது தண்ணீரிலுள்ள ஆர்செனிக் என்னும் பாஷாணத்தால் வந்த நோய் என்று கண்டு சொன்னார். பிறகு ஜாதவ்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த திபங்கர் சக்கரவர்த்தி அவர்கள் பல வருஷங்களாக ஊர் ஊராய்ச் சென்று கிணற்று நீரைப் பரிசோதித்து, இது ஏதோ ஒரு ஊர்ச் சங்கதியல்ல, பல ஜில்லாக்களின் சங்கதி என்று நிரூபித்தார். பங்களா தேசத்தில் இது 1993-ல்தான் வெளியாயிற்று. அதற்கு ஒரு வருஷத்திற்கு முன், 1992-ல், ஆங்கில நாட்டு பூகர்ப்ப ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் அந்நாட்டு நிலத்தடி நீரைப் பரிசோதித்திருந்தும், அதில் ஆர்செனிக்கைத் தேடவேயில்லை. அதன்மேல் நோயாளி ஒருவர் தொடுத்த வழக்கை லண்டன் பிரபுக்கள் சபை 2006-ல் தள்ளிவிட்டது. சட்டப்படி யார் பொறுப்பாளி என்ற விவகாரம் எப்படியிருந்தபோதிலும், பரிசோதனை செய்யாததினால் விஷம் இல்லாமற் போய்விடாது என்கின்ற பாடம் மாத்திரம் நமக்கு மிஞ்சுகிறது.

வைத்தியர் சொல்வதற்கு முன்னும், சொன்ன பிறகுங்கூட, ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? சிலர் குஷ்டம் என்றார்கள். சிலர் சாபம் என்றார்கள். பூர்வ ஜன்மப் பாவம் என்றவர்களும் உண்டு. இந்தப் பேச்சினால் நோயாளிகளோடு கூட உட்கார மறுத்தார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். புள்ளி விழுந்த பெண்ணை மணக்க ஆளில்லை. மணமான பெண்ணைத் தாய்வீட்டிற்குத் துரத்திவிட்டவர்களும் உண்டு. இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஒட்டுவதேயில்லை. அவளைத் துரத்திய புருஷனும் மாமியாரும் அதே குழாயில் அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்! விஷம் பாதி வேலையைத்தான் செய்தது. மீதிப் பாதியை மூடநம்பிக்கை செய்து முடித்தது என்று சொன்னால் அது மிகையாகுமா? சாபமென்று நம்புகிறவன் கிணற்றைச் சோதிக்கமாட்டான். பரிகாரம் தேடிப் போவான். போய்வந்து மறுபடியும் அந்தக் குழாய்த் தண்ணீரையே குடிப்பான்.

நிற்க, இந்த விஷம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். எந்தச் சத்துருவும் கொண்டுவந்து கலக்கவில்லை. இமயமலைப் பாறைகளிலிருந்து வந்த வண்டலில், இரும்புத் துருவைப் போன்ற பொருளின்மேல் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த வண்டல் காற்றுப் படாமல் பூமிக்கடியில் புதைந்து, அதிலுள்ள செடிகொடிகளின் மக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் பிராணவாயு இல்லாமையால் அந்தத் துருவைக் கொண்டே பிழைக்கத் தொடங்கியபோது, துரு கரைந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் தண்ணீரில் கலந்தது. கங்கையாற்றில் ஓடுகிற தண்ணீரைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அதன் வண்டலுக்கடியில் தேங்கிய நீரைப் பற்றியே பேசுகிறோம். நதியின் புண்ணியம் பூமிக்கடியில் நடக்கும் ரசாயனத்தைத் தடுக்கவில்லை என்பதைமட்டும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். மேற்கு வங்காளமும் பங்களா தேசமும் போக, பீகாரிலும் ஐக்கிய மாகாணம் என்று முன் அழைக்கப்பட்ட உத்தரப் பிரதேசத்திலும் கங்கைக் கரையோர ஜில்லாக்களில் இந்த விஷம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இதன் அளவையும் தெரிந்துகொள்ளவேண்டும். குடிக்கும் தண்ணீரில் 1 லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கலாகாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1993-ல் வரையறுத்தது. அதாவது 1 லட்சம் லிட்டர் தண்ணீரில் 1 கிராம்! கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இதைக் குடித்த மறுநாளே ஒருவரும் விழுந்து சாவதில்லை. பல வருஷங்கள் குடித்த பிறகு தோலிலும், நுரையீரலிலும், மூத்திரப் பையிலும் புற்றுநோய் வருகிறது. ஆகவே, "என் பாட்டன் குடித்தான், நான் குடிக்கிறேன், எனக்கென்ன வந்துவிட்டது?" என்று கேட்பது இங்கே செல்லுபடியாகாது. பாட்டன் குடித்தது குளத்துத் தண்ணீர்.

காய்ச்சிக் குடித்தால் போகாதா என்று சிலர் கேட்கலாம். போகாது. காய்ச்சினால் கிருமி சாகும். ஆர்செனிக் சாவதற்கு அது உயிருள்ள வஸ்துவல்ல. தண்ணீர்தான் ஆவியாகப் போகுமேயொழிய, மிஞ்சிய தண்ணீரில் விஷம் முன்னிலும் சற்று அதிகமாகவே நிற்கும். துணியில் வடிகட்டினால் என்ன? உப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் கரிப்பு போகிறதா? கரைந்துபோன பொருள் துணியில் நிற்காது. ஈயமும், காட்மியமும், பாதரசமும், குரோமியமும் இவ்விதமே, மின்னேற்றம் பெற்ற அணுக்களாகவோ அணுக் கூட்டங்களாகவோ தண்ணீரில் கரைந்து கிடக்கின்றன. இவற்றை அயனி என்கிறார்கள். ஆர்செனிக் சுத்தமான உலோகமல்ல, உலோகப்போலி என்று ரசாயன நிபுணர்கள் பிரித்துச் சொல்லுவார்கள்; எனினும் தண்ணீரில் செய்யும் கேட்டில் மற்றவற்றிற்குத் தம்பியல்ல, அண்ணனேயாகும்.

அப்படியானால் இதை எடுப்பதெப்படி? இங்கேதான் மனித அறிவின் அழகைப் பார்க்கவேண்டும். ஆர்செனிக்கைப் பிடித்துவைத்திருந்தது எது? இரும்புத் துரு. விட்டது எது? அதே துரு. ஆகவே நல்ல துருவை மறுபடியும் தண்ணீரில் காட்டினால் அது மறுபடியும் ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்ளவேண்டுமல்லவா? பிடித்துக்கொள்கிறது. இது பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போலல்ல. பலாப்பாலில் ஈ ஒட்டிக்கொள்வது போல, பொருளின் மேற்பரப்பில் மாத்திரம் ஒட்டிப் பிடிப்பதாகும். ஆதலால் மேற்பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு விஷம் பிடிபடும்.

மேற்பரப்பைப் பெருக்குவது எப்படியென்றால், பொருளைப் பொடியாக்குவதே வழி. ஒரு சென்டிமீட்டர் சதுரக் கட்டி ஒன்றுக்கு ஆறு பக்கமும் சேர்த்து 6 சதுர சென்டிமீட்டர்தான் மேற்பரப்பு. அதே கட்டியை 10 நானோமீட்டர் அளவுள்ள துண்டுகளாக வெட்டினால், எல்லாத் துண்டுகளின் மேற்பரப்பும் சேர்ந்து 600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 சென்ட் நிலம் ஆகிவிடும். சுண்டுவிரல் நகத்தளவுக் கட்டிக்குள் ஒரு ஏழையின் கொல்லைக்காடே அடங்கிக் கிடக்கிறது! நானோமீட்டர் என்பது ஒரு தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. நானோ என்ற வார்த்தையின் மந்திரம் இவ்வளவுதான். இதில் மறைபொருள் ஒன்றுமில்லை.

ஆனால் இவ்வளவு நுண்ணிய பொடியைத் தண்ணீரில் போட்டால், ஒன்று அது தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். அல்லது சேறுபோல் இறுகி, தண்ணீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் பொடியைக் கட்டிப்போட ஒரு கூடு வேண்டும். அந்தக் கூடுதான் பாலிமர். சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு நீண்டு கிடக்கும் பொருளுக்குப் பாலிமர் என்று பேர். பருத்தியும், ரப்பரும், பிளாஸ்டிக்கும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. பாலிமர் கூட்டுக்குள் நானோத் துருவை வளர்த்து, மணலைப்போன்ற மணிகளாகச் செய்துவிட்டால், மணிகளுக்கிடையே தண்ணீர் தாராளமாக ஓடும். விஷம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இதைத்தான் பாலிமர் நானோக் கலவை என்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயல்ல. அமெரிக்காவில் லீஹை சர்வகலாசாலையைச் சேர்ந்த அரூப் சென்குப்தா அவர்களும் அவர் தோழர்களும், பாலிமர் மணிகளுக்குள் இரும்பு ஆக்சைடு நானோத் துகள்களைப் பரப்பி ஒரு பொருள் செய்தார்கள். அந்த மணிகளில் நிலையாக அமைந்த மின்னேற்றம், எதிர் மின்னேற்றமுள்ள ஆர்செனிக் அயனியை உள்ளே இழுத்துக்கொடுக்கிறது. உள்ளேயிருக்கும் துரு பிடித்துக்கொள்கிறது. மணி நிரம்பியபின் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவி மறுபடியும் உபயோகிக்கலாம். அவர்கள் மேற்கு வங்காளக் கிராமங்களில் கிணற்றடியிலேயே வடிகலங்களை நிறுத்தி, கிராமத்தார் கமிட்டியே சந்தா வசூலித்துப் பராமரிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள்.

நம் சென்னையிலுள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் அவர்களின் கூட்டத்தார் இன்னொரு வழியில் போனார்கள். இறால் ஓடு, நண்டு ஓடு முதலிய கழிவுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்ற பாலிமரையே கூடாக வைத்து, கடும் சூடும் மின்சாரமும் வேண்டாமல் சாதாரண வெப்பத்தில் தண்ணீரிலேயே மணிகளைச் செய்தார்கள். இவ்வகைப் பொருள் ஒன்றால் ஒரு குடும்பத்திற்கு வருஷம் 2½ டாலர் செலவில் சுத்தமான தண்ணீர் கொடுக்கலாமென்று 2013-ல் வெளியிட்டார்கள். ஆர்செனிக்கை எடுக்கும் இரும்பு மணிகளைப் பற்றி 2017-ல் எழுதினார்கள். அது இன்று லட்சக்கணக்கான மக்களுக்குப் பயன்பட்டு வருகிறது. 2020-ல் இவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. பட்டங்களைப் பற்றி நமக்குப் பிரமாத மதிப்பில்லை. ஆனால் நோயாளியின் கையில் ஏறும் தடிப்பு நிற்குமானால் அதற்கு மதிப்புண்டு. இந்தச் சரக்குக்கு 'அம்ரித்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். புராணத்தில் அசுரர்களும் சேர்ந்து கடலைக் கடைந்தார்களாம். வந்த அமிர்தத்தைத் தேவர்கள் மாத்திரம் குடித்தார்களாம். இந்த அமிர்தத்துக்கும் கடலிலிருந்துதான் சாமான் வருகிறது. இதுவாவது கடைந்தவர்கள் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்பதே நமது கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. பங்களா தேசத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைப் பரிசோதித்து, நல்லதற்குப் பச்சையும் கெட்டதற்குச் சிவப்புமாய் வர்ணம் பூசினார்கள். 10-க்கு ஏறக்குறைய 3 சிவப்பாயிற்று. எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும்படி உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பிறகு நடந்தது என்ன? 2016-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை, இன்னும் சுமார் 2 கோடி ஏழைகள் அந்த விஷத் தண்ணீரையே குடிப்பதாகவும், சர்க்கார் செலவில் இறக்கப்படும் நல்ல ஆழக் கிணறுகளில் பாதி, பார்லிமெண்டு மெம்பர்கள் சொல்லும் இடத்திற்கே போவதாகவும், அதனால் செல்வாக்குள்ளவர்கள் வீட்டோரங்களில் கிணறு முளைப்பதாகவும் கூறிற்று. விஞ்ஞானம் துருவைக்கொண்டு விஷத்தைப் பிடித்துவிட்டது. செல்வாக்கு என்னும் விஷத்தைப் பிடிக்க எந்த மணியைச் செய்வது? பொதுக் கிணற்றில் யார் மொள்ளலாம், யார் மொள்ளக்கூடாது என்று வெகு காலம் பார்த்துவந்த நாட்டாருக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விஞ்ஞானத்தின் பேரால் சொல்லப்படுவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால், பழைய பூசாரியை அனுப்பிவிட்டுப் புதிய பூசாரியை உட்காரவைத்தது போலாகும். ஆராய்ச்சிசாலையில் சுத்தத் தண்ணீரில் ஒரே ஒரு விஷத்தைக் கரைத்து, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை எடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது சுலபம். ஊர்க் கிணற்றில் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் கூடவே இருக்கும். அவையும் துருவின்மேல் இடம் பிடிக்கப் போட்டி போடும். ஆர்செனிக்கிலும் இரண்டு வகை உண்டு. மின்னேற்றமில்லாத வகையைப் பிடிப்பது கஷ்டமானபடியால் அதை முதலில் மற்ற வகையாக மாற்றவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எந்த மணியும் ஒரு நாள் நிரம்பிப்போகும். நிரம்பியபின் வரும் தண்ணீர் முன்போலவே தெளிவாயிருக்கும், முன்போலவே ருசியாயிருக்கும், விஷம் மாத்திரம் உள்ளே இருக்கும். வடிகலம் வீட்டிலிருக்கிறது என்ற தைரியத்தில் அதைக் குடிப்பவன், தாயத்தைக் கட்டிக்கொண்டு காலராவுக்குப் பயப்படாமலிருந்தவனை ஒத்தவனேயாவான்.

ஆகவே, வடிகலம் விற்க வருகிறவனிடமும், அதைத் திறந்துவைக்க வருகிற மந்திரியிடமும் ஜனங்கள் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். இந்தத் தண்ணீரில் முன்னே எவ்வளவு விஷம் இருந்தது, இப்போது எவ்வளவு? எத்தனை லிட்டருக்குப் பிறகு மணி நிரம்பும்? நிரம்பியதை மறுபடி யார், எந்தத் தேதியில் சோதிப்பார்? விஷம் ஏறிய பழைய மணியை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், கிணற்றிலிருந்து எடுத்ததைக் குட்டையில் கொட்டுவார்கள் என்றே அர்த்தம்.

கடைசியாக, நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. வங்காளத்தில் விஷத்தைக் கலந்தது இயற்கை. நம் பாலாற்றங்கரையிலும் இராணிப்பேட்டையிலும் நிலத்தையும் நீரையும் கெடுத்தது இயற்கையல்ல. தோல் பதனிடும் சாலைகளும் குரோமியத் தொழிலும் விட்ட கழிவேயாகும். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டார், கெடுத்தவனே அதற்குரிய செலவைக் கொடுக்கவேண்டுமென்று தீர்ப்புச் சொல்லி, ஒவ்வொரு தோல் சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். கைட்டோசான் முதலிய பாலிமர்கள் குரோமேட்டையும் பிடிக்கக்கூடியவைதான். ஆனால் பிடிக்க மணி இருக்கிறது என்பதற்காக, கொட்ட உரிமை இருக்கிறது என்று எந்த முதலாளியும் சொல்ல இடங்கொடுக்கலாகாது. ஆலைக்குள்ளே, ஆலையின் செலவில் பிடிக்கவேண்டிய விஷத்தை, ஏழையின் அடுப்பங்கரையில், ஏழையின் செலவில் பிடிக்கச் சொல்வது அக்கிரமமல்லவா? இயற்கை செய்த கேட்டுக்கு வடிகலம் மருந்து. மனிதன் செய்த கேட்டுக்கு முதல் மருந்து அதை நிறுத்துவதே.

எனவே தோழர்களே, உங்கள் ஊர்ப் பொதுக் கிணற்றையும், மேல்தொட்டியையும், ஆழ்துளைக் கிணற்றையும் எப்போது, எதற்காகச் சோதித்தார்கள் என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். சோதித்த கணக்கைத் தமிழில், பெரிய எழுத்தில், கிணற்றடியிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கிருமிக்கு மாத்திரம் சோதித்துவிட்டுப் போனால், உலோகங்களுக்கும் சோதியுங்கள் என்று வற்புறுத்துங்கள். கேட்கிறவனை ஊரார் பரிகசிப்பார்கள். தண்ணீருக்குக்கூடவா சந்தேகம் என்பார்கள். பரவாயில்லை. பார்த்தால் தெரியாத விஷத்தைக் கண்டுபிடித்தது, அப்படிச் சந்தேகப்பட்டவர்களின் புத்திதான். தண்ணீர் தெளிவாயிருப்பது போதாது. அதைக் குடிக்கிறவன் புத்தியும் தெளிவாயிருக்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.